சக்கரத்தில் எழும் ஓசை



உடம்புக்கு முடியவில்லை என்றால் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். கைக்குழந்தையால் சொல்ல முடியாது, அழத்தான் முடியும். ஆனாலும் பசிக்கு அழுகிறதா, வயிற்று வலிக்கு அழுகிறதா, தூக்கத்துக்கு அழுகிறதா என்று பெற்றவள் அந்த அழுகையிலேயே கண்டுகொள்கிறாள். நம் வீட்டு வாசலில் நிற்கும் காரும் கைக்குழந்தையைப் போலத்தான். அதற்கு வந்த நோயை அது ஓசையால்தான் சொல்லும். அந்த ஓசைகளில் ஒன்றைப் பற்றி இன்று பேசப் போகிறேன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் பேரிங் கெடும்போது எழும் ஓசை அது. அதை மற்ற ஓசைகளிலிருந்து எப்படிப் பிரித்தறிவது, அறிந்தபின் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு.

பள்ளிக்கூட ஆசிரியைக்கும் கார்ச் சக்கரத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இந்தப் பாடம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கிடைக்கவில்லை. என் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவன்தான் இதைத் தொடங்கி வைத்தான்.

நான் வேலை செய்யும் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அதில் முதல் 6 கிலோமீட்டர் செம்மண் ரோடு. குலை ஏற்றும் லோரிகள் ஓடி ஓடி அந்த ரோட்டில் விழுந்திருக்கும் பள்ளங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக் காலத்தில் சிறுபாலத்துக்கு மேலேயே தண்ணீர் ஓடும். அந்த ரோட்டில்தான் என்னுடைய பழைய சிறிய கார் தினமும் போய்வந்து கொண்டிருந்தது.

ஒரு நாள் காரில் 'ஊ...ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. வேகம் கூடினால் அதுவும் கூடியது. டயர் தேய்ந்துவிட்டது போலும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு போய் இரண்டு புது டயர் போட்டேன். இரைச்சல் போகவில்லை. பணம் போனதுதான் மிச்சம். அதன்பின் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரைச்சல் காதில் விழாதபடி காரில் வானொலியைச் சற்று உரக்க வைத்துக்கொண்டேன்!

சில வாரங்கள் சென்றன. ஒரு சனிக்கிழமை காலை, நான்கு பிள்ளைகளைப் பட்டணத்தில் நடக்கும் கதை சொல்லும் போட்டிக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். பின்னால் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பையன், "டீச்சர், எனக்குக் கீழே ஏதோ அரைக்கிற மாதிரி இருக்கு. காலெல்லாம் கூசுது" என்றான். வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். முன்பு இரைச்சலாக இருந்தது இப்போது அரவையாக மாறியிருந்தது. அந்தப் பையனின் தந்தை தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுது பார்ப்பவர். காரை மெல்லத் திருப்பி நேரே அவரிடம் போனேன். பிள்ளைகளை வேறோர் ஆசிரியர் தம் காரில் அழைத்துச் சென்றார்.

"டயர் மாத்தியும் சத்தம் போகலையே, அண்ணே" என்றேன். "டீச்சரம்மா, சத்தம் டயர்ல இருந்தாத்தானே டயர் மாத்தினா போகும்?" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அவர் எனக்குக் காட்டியவற்றையும், அதன்பின் நானே படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையும்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், பேரிங் என்பது என்ன? தமிழில் 'தாங்கி' என்று சொல்லலாம். பெயருக்கு ஏற்ற வேலை. காரும் ஆட்களும் சாமான்களுமாகச் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் சுமார் 250 கிலோ பாரம் இருக்கும். இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டே சக்கரம் சுழலவும் வேண்டும். சிறிய கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் சக்கரம் ஒரு நிமிடத்துக்கு 550 முதல் 600 தடவை சுற்றுகிறது. இரும்பின் மேல் இரும்பு உராய்ந்துகொண்டு இப்படிச் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் சூடேறித் தேய்ந்து போகும் அல்லவா? அப்படி ஆகாமல் காப்பதுதான் பேரிங்.

வீட்டில் கனமான அலமாரியை இழுக்கும்போது அடியில் உருண்டைக் கம்புகளைப் போட்டால் எளிதில் நகர்கிறது. தரையில் தேய்வதற்குப் பதிலாகக் கம்புகளின் மேல் உருள்வதே காரணம். பேரிங்கும் இதே தத்துவந்தான். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம். இரண்டுக்கும் இடையில் எஃகுக் குண்டுகள் அல்லது சிறு உருளைகள். அவை ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டு நிறுத்த ஒரு கூடு. வழுக்கிச் செல்லக் கிரீஸ். கிரீஸ் வெளியே போகாமலும் தண்ணீரும் மண்ணும் உள்ளே வராமலும் தடுக்க இரு பக்கமும் மூடி. இவ்வளவுதான் பேரிங்.

மோட்டார் கார் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, 1794-ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டு இரும்புத் தொழிலதிபர் பிலிப் வாகன் என்பவர் வண்டி அச்சில் குண்டுகள் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1898-இல் அமெரிக்காவில் வண்டி செய்யும் தொழிலில் இருந்த ஹென்றி டிம்கன், ஒருபுறம் சரிந்த உருளைகளைக் கொண்ட பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை இழுத்த வண்டிக்குச் செய்த உதவியைத்தான் பேரிங் இன்று நம் காருக்கும் செய்கிறது.

பிள்ளைகளே, நீங்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெயிண்ட் டின்னின் வாய் விளிம்பில் மூடி உட்காரும் பள்ளம் ஒன்று வட்டமாக இருக்கும். நன்றாகக் கழுவிய காலி டின்னை எடுத்து, அந்தப் பள்ளம் நிறைய ஒரே அளவான கோலிக்குண்டுகளை வையுங்கள். அவற்றின் மேல் கனமான புத்தகம் ஒன்றை வைத்துச் சுற்றிவிடுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றும். இப்போது ஒரு சிட்டிகை மணலை அந்தப் பள்ளத்தில் தூவிவிட்டு மறுபடியும் சுற்றுங்கள். 'கரகர' என்று ஓசை வரும், புத்தகமும் தடுமாறும். கெட்டுப்போன பேரிங்கிலிருந்து வரும் ஓசை இதுதான்.

காரில் இந்தக் கேடு எப்படி வருகிறது? தண்ணீர் முதல் பகைவன். வெள்ளத்தில் சக்கரம் பாதி முழுகும்படி காரை ஓட்டினால், தேய்ந்த மூடி வழியாக நீர் உள்ளே புகும். கிரீஸ் கெடும், எஃகில் துரு பிடிக்கும். காரைக் கழுவும்போது வேகமாகப் பீச்சும் தண்ணீரைச் சக்கரத்தின் நடுவில் நேரே காட்டினாலும் இதே கதிதான். பள்ளத்தில் 'தடால்' என்று விழுவது இரண்டாவது காரணம். அந்த அடியில் குண்டுகள் வளையத்தில் சிறு வடு ஏற்படுத்திவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குண்டு அந்த வடுவில் ஏறி இறங்கும். வடு பெரிதாகி எஃகு செதில் செதிலாகப் பெயரத் தொடங்கும். அளவுக்கு மீறிய பாரம் மூன்றாவது. முன்பு பேரிங் மாற்றியவர் அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருந்தால் அது நான்காவது.

இனி ஓசையைப் பிரித்தறியும் வழிக்கு வருவோம். இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் கவனமாக ஓட்ட வேண்டும். மற்றவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். போக்குவரத்து இல்லாத, நேரான, நல்ல தார் ரோட்டைத் தேர்ந்தெடுங்கள்.

காரை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் எஞ்சினை மட்டும் உறுமவிட்டுப் பாருங்கள். ஓசை கேட்டால் அது எஞ்சினைச் சேர்ந்தது. கேட்காவிட்டால் ஓட்டிப் பாருங்கள். பேரிங் ஓசை காரின் வேகத்தோடுதான் கூடிக் குறையும். ஓடும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் எஞ்சின் அடங்கும். பேரிங் ஓசையோ அப்படியே தொடரும். இந்தச் சோதனையின்போது எஞ்சினை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கும் இறுகிப்போகும். சாவியை முழுதும் திருப்பிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

அடுத்து, டயர் ஓசையா பேரிங் ஓசையா என்று பார்க்க வேண்டும். நான் ஏமாந்த இடம் இதுதான். வழவழப்பான ரோட்டிலிருந்து சொரசொரப்பான ரோட்டுக்கு மாறும்போது டயர் ஓசை மாறும். பேரிங் ஓசை ரோடு எதுவானாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். டயரைக் கையால் தடவிப் பாருங்கள். தேய்மானம் படிப்படியாக, ரம்பப் பல்போல இருந்தால் டயரும் இரையக் கூடும்.

பிறகு திருப்பிப் பார்க்கும் சோதனை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். பஸ் வலப்பக்கம் திரும்புகிறது. உங்கள் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது? இடப்பக்கம். காரின் பாரமும் அப்படியே இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. ஆகவே வலப்பக்கம் வளையும்போது ஓசை கூடினால் இடப்பக்கச் சக்கரத்தையும், இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்கச் சக்கரத்தையும் முதலில் சந்தேகிக்கலாம். அகன்ற, ஆளில்லாத இடத்தில், மிதமான வேகத்தில், மெதுவாக வளைத்தாலே போதும். இது பெரும்பாலும் சரியாக வரும். எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது. ஆகையால் இதை வைத்தே செலவு செய்துவிடாதீர்கள்.

வேறு இரண்டு ஓசைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உரசினால் அது பிரேக் கட்டையாக இருக்கலாம். முன்சக்கரத்தால் இயங்கும் காரில், ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று கேட்டால் அது முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு. இவை வேறு நோய், மருந்தும் வேறு.

காதால் கேட்டதைக் கையால் உறுதி செய்ய வேண்டும். காரைக் கெட்டியான, சமமான தரையில் நிறுத்துங்கள். தூக்கப் போகும் சக்கரத்துக்கு எதிர்முனையில் உள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். லயத்து வாசல் மண்ணில் ஜாக் புதைந்துவிடும். வேறு இடம் இல்லாவிட்டால் அடியில் தடித்த பலகை போடுங்கள். சக்கரத்தைத் தூக்கியபின் காரை இரும்புத் தாங்கியின் மேல் இறக்கி வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். ஒரு பேரிங்கைக் காப்பாற்றப் போய் ஓர் உயிரைப் பறிகொடுக்கக் கூடாது.

இப்போது சக்கரத்தின் மேல் விளிம்பை ஒரு கையாலும் கீழ் விளிம்பை மறு கையாலும் பிடித்து, மாறி மாறித் தள்ளியும் இழுத்தும் பாருங்கள். 'லொடக் லொடக்' என்று ஆடினால் எங்கோ தளர்ச்சி இருக்கிறது. எங்கே என்று அறிய, இன்னொருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் சக்கரத்தைத் தாங்கும் மற்ற மூட்டுகளைப் பார்க்க வேண்டும். பிறகு, கியர் நியூட்ரலில் இருக்க, பின்சக்கரமானால் கைப்பிரேக்கும் விடப்பட்டிருக்க, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மற்றொரு கையை அந்தச் சக்கரத்துக்கு மேலுள்ள சுருள் வில்லின் மேல் இலேசாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பேரிங்கானால் ஒன்றும் தெரியாது. கெட்டதானால் நறநறவென்ற அதிர்வு விரலுக்குத் தெரியும். எல்லாச் சக்கரங்களையும் சோதித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: ஆட்டம் இல்லாததால் மட்டும் பேரிங் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. ஆடத் தொடங்கும் முன்பே ஓசை வருவதுண்டு.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. மருந்து என்ன? பேரிங்குகள் இரு வகை. பல பழைய கார்களிலும் இழுவண்டிகளிலும் சரிந்த உருளைப் பேரிங்குகள் இரண்டிரண்டாக இருக்கும். இவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, உலரவிட்டு, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வளையத்திலோ உருளையிலோ குழியோ, செதில் பெயர்ந்த தடமோ, சூட்டினால் நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது உள் உருளையையும் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். குறை ஒன்றும் இல்லையென்றால், உருளைகளின் இடுக்கெல்லாம் நிறையும்படி புதுக் கிரீஸ் அடைத்து, புது மூடி போட்டுத் திரும்பப் பூட்டலாம். பழைய கிரீஸோடு வேறு வகைக் கிரீஸைக் கலக்கக் கூடாது. நட்டை எந்த அளவுக்கு முறுக்க வேண்டும் என்பதற்குக் கார்க் கம்பெனியின் கையேட்டில் முறை உண்டு. அதிகம் இறுக்கினால் சூடேறிக் கருகும். தளர விட்டால் ஆடும். நட்டைப் பூட்டும் ஊசி எப்போதும் புதியதாக இருக்கட்டும்.

இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது மூடி முத்திரையிட்ட பேரிங். இதற்குக் கிரீஸ் போட வழியில்லை. கெட்டால் முழுதாக மாற்றத்தான் வேண்டும். சிலவற்றில் அது குடத்தோடு சேர்ந்தே வரும். நாலு போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். சிலவற்றில் எந்திர அழுத்தியால் அமுக்கி ஏற்ற வேண்டும். இப்படி ஏற்றும் வேலையை வீட்டில் சுத்தியலை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். வெளி வளையத்தைக் குழிக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தைத்தான் அமுக்க வேண்டும். உள் வளையத்தில் தண்டை ஏற்றும்போது உள் வளையத்துக்குத்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அந்த அழுத்தம் முழுவதும் குண்டுகளின் மேல் விழும். கடையிலிருந்து புதிதாக வந்த பேரிங் அன்றைக்கே பழையதாகிவிடும்.

நீங்கள் பட்டறைக்குக் கொண்டு போகும்போது, போமனிடம் சில விஷயங்களைப் பணிவாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள். எந்தச் சக்கரம் என்று எப்படிக் கண்டீர்கள்? அழுத்தி வைத்துத்தான் ஏற்றுவீர்களா? நடு நட்டு புதியது போடுவீர்களா? அதைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்குவீர்களா? ஏ.பி.எஸ். பிரேக் உள்ள கார்களில் சில பேரிங்குகளுக்கு ஒரு பக்கம் மட்டும் காந்தப் பட்டை இருக்கும். அது உணர் கருவியைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பிரேக் விளக்கு எரியும். வேலை முடிந்ததும் பழைய பேரிங்கை வாங்கிப் பாருங்கள். கையில் வைத்துச் சுற்றினாலே நறநறப்புத் தெரியும். நல்ல போமன் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். சக்கர நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

"சம்பளம் வரட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று நாம் பலவற்றைத் தள்ளி வைக்கிறோம். நம் நிலைமை எனக்குத் தெரியும். நானும் அப்படிச் செய்தவள்தான். ஆனால் இதில் தள்ளிப்போட்டால் செலவு கூடுமே தவிரக் குறையாது. கெட்ட பேரிங் சக்கரக் குடத்தையும், அது உட்காரும் இடத்தையும், பிரேக்கையும் சேர்த்துக் கெடுக்கும். முற்றிவிட்டால் சக்கரம் இறுகிப் போகலாம். ஓடும்போதே கழன்றும் போகலாம். அது எத்தனை நாளில் நடக்கும் என்று நாள் குறித்துச் சொல்ல எவராலும் இயலாது. மெல்லிய இரைச்சல் கேட்கும்போதே காட்டிவிடுங்கள். அரவையாக மாறி, காரும் அதிர்ந்து ஆடினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். இழுத்துச் செல்லும் வண்டிக்குக் கொடுக்கும் காசு வீண் காசு அல்ல.

என் காரின் இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றிய அந்த அண்ணன், உள்ளே இருந்த பேரிங்கை வெளியே எடுத்தார். கூடு உடைந்திருந்தது. ஒரு குண்டு தனியே உருண்டு விழுந்தது. அதைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது. மறு பக்கம் அம்மைத் தழும்புபோல் குழிகுழியாக இருந்தது. "இன்னும் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும், அண்ணே?" என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பட்டறை வாசலில் நின்ற தம் மகனை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். பிறகு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்தக் குண்டு இன்றும் என் மேசை மேல் இருக்கிறது. அறிவியல் பாடத்தில் உராய்வைப் பற்றி நடத்தும்போது பிள்ளைகள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.

நேயர்களே, அன்று ஓட்டியவள் நான். ஆனால் சொன்னவன் பின்னால் இருந்த பையன். ஓட்டுகிறவருக்கு ரோட்டின் மேல்தான் கவனம் இருக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் ஓசை அவர் காதுக்குப் பழகியும் போய்விடும். ஆகையால் தாய்மார்களே, பிள்ளைகளே, காரில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது புதிதாக ஓர் ஓசை கேட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் கேட்கிறது, எந்த வேகத்தில் கேட்கிறது, எந்தப் பக்கம் திரும்பும்போது கூடுகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர்களே, அவர்கள் சொல்லும்போது "உனக்கு என்ன தெரியும்?" என்று அடக்கிவிடாதீர்கள். வானொலியைச் சற்று நிறுத்திவிட்டுக் கேளுங்கள். வானொலியில் பேசிக்கொண்டே நான் இதைச் சொல்கிறேன் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.